பிடிக்கும்போது ஆசிரியன், கொடுக்கும்போது அநாமதேயம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு அம்பேத்கர் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் அரசியல் சட்டப் புத்தகம். படத்துக்குக் கீழே ஒரு பலசரக்குக் கடையின் பெயர், அதற்கும் கீழே தேதித்தாள். வருசம் முடிந்ததும் தேதியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் அம்மா வைத்துக்கொண்டாள். அச்சகத்தின் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. மாலை போட்டோம், ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போனோம். இதை வரைந்தது யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் என் சித்தப்பா. சுவரெழுத்துக்காரர். தேர்தல் வந்தால் சின்னம் வரைவார், சாவு விழுந்தால் இறந்தவர் படம் போடுவார். மற்ற நாளில் சிவகாசியில் அச்சகங்களுக்கு லேபிள் படம் போட்டுக் கொடுப்பார். தீப்பெட்டியில் ஒட்டுகிற மயில், வெடிப் பாக்கெட்டில் சிரிக்கிற குழந்தை, புலி, கிளி. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. ரசீது கிடையாது. ஒரிஜினல் படம் அச்சகத்துப் பீரோவுக்குள் போய்விடும். நாலைந்து வருசம் கழித்து அவர் போட்ட கிளி, நிறம் மட்டும் மாறி வேறொரு கம்பெனியின் பாக்கெட்டில் வந்தது. சித்தப்பா போய்க் கேட்டார். மேனேஜர் சொன்ன பதில் ஒரே வரி: "காசு வாங்கிட்டேல்ல? அப்புறம் என்ன?"

சித்தப்பா திரும்பி வந்துவிட்டார். அவருக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. "ஆமா, வாங்கிட்டேன்ல" என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல என்னிடமும் வார்த்தை இல்லை. பிற்பாடு பதிப்புரிமைச் சட்டத்தை வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்த மேனேஜர் தன்னை அறியாமல் 1957ஆம் வருசத்துச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத்தான் பேசியிருக்கிறார் என்று.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்கிற முயற்சி. கவிதையை, நாவலை, சினிமாவை வாசித்து அதில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று இவ்வளவு நாள் விமர்சனம் எழுதியிருக்கிறோம். நம் கலைஞர்களின் கழுத்தையும் வயிற்றையும் நேராகத் தொடுகிற பிரதி சட்டம். அதை வக்கீல்களுக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

1

முதலில் சிவகாசியைச் சொல்ல வேண்டும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், வெடிக்கு மேலுறை வேண்டும் என்றுதான் அச்சுத்தொழிலும் இங்கே வேர்பிடித்தது. பிறகு காலண்டர். ஒவ்வொரு வருசமும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு நாடெங்கும் ஆர்டர் பிடிக்கப் போவார்கள். லட்சுமி, முருகன், இயேசு, மெக்கா, பெரியார், அம்பேத்கர் எல்லாம் ஒரே ஆல்பத்துக்குள் அடுத்தடுத்த தாளாக இருக்கும்.

இந்தப் படங்களுக்கு ஒரு பரம்பரை உண்டு. சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதியவர். கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களைச் சேர்த்தார். அந்தப் பட்டறையில் பிறந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டுப் பூசையறைகளுக்குள் போயின. அவர் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்து அச்சான படங்கள் உண்டு. அது பெருந்தன்மை மட்டுமல்ல. படம் என்பது ஒரு கை வேலை அல்ல, பட்டறை வேலை என்ற ஒப்புதலும் அதில் இருக்கிறது. முகம் ஒருவர், நகை ஒருவர், பின்னணி ஒருவர். கஜ்ரி ஜெயின் 2007இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட காலண்டர் கலை பற்றிய ஆய்வு இந்தத் தொழிலின் வழக்கங்களை விரிவாகப் பேசுகிறது. பழைய படத்திலிருந்து முகத்தை எடுத்து, வேறொன்றிலிருந்து மயிலை எடுத்துப் புதுப்படம் ஆக்குவது இங்கே சர்வசாதாரணம்.

காலண்டர் ஓவியர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல. பெயர் தெரிந்த ஓவியர்களில் நம்மவர் அரிது. நம்மவர்கள் இருந்தது லேபிளில், ரீடச்சிங்கில், பிளேட் கழுவுவதில், கட்டிங்கில், பைண்டிங்கில், வெடி ஆலையில் மருந்து செலுத்துவதில். அதாவது பெயர் அச்சாகாத எல்லா இடத்திலும்.

எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு வக்கீல் என்றால் விபத்து நஷ்டஈட்டு வக்கீல்தான். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் வெடி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்படி ஒவ்வொரு முறையும் சட்டம் எங்கள் ஊருக்கு வரும். உடம்பு கருகினபிறகு வரும். உயிரோடு இருக்கிறவன் கையால் செய்த ஒன்றுக்கு, அவன் மனசில் பிறந்த ஒன்றுக்குச் சட்டம் உண்டு என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

2

இனி பிரதிக்குள் போவோம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முதல் வரியில் தாராளமாகத்தான் தொடங்குகிறது. ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதன் ஆசிரியரே என்கிறது. அடுத்து "ஆனால்" வருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசுக்காக, ஒரு புகைப்படமோ ஓவியமோ உருவப்படமோ ஆக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். கதை எழுதுகிறவனுக்கு இந்த விதி இல்லை. பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவனுக்கு இல்லை. கூலிக்குப் படம் போடுகிறவனுக்கு இருக்கிறது. "காசு வாங்கிட்டேல்ல?" என்பதைச் சட்டமொழியில் எழுதினால் இதுதான் வரும். சித்தப்பாவின் கிளி, தாளில் வண்ணம் காய்வதற்கு முன்பே அடுத்தவன் சொத்து.

ஆனால் இதே வரிக்குள் ஒரு சந்து இருக்கிறது. "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்." அதாவது ஒரு துண்டுச் சீட்டில் "பதிப்புரிமை வரைந்தவருக்கே" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை தலைகீழாகியிருக்கும். அந்தச் சீட்டு எழுத அரை நிமிசம் போதும். அப்படி எழுதலாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனதில்தான் ஒரு வாழ்நாள் உழைப்பு போயிற்று.

இன்னொரு சந்தும் உண்டு. யாரும் கேட்காமல், தானே வரைந்து அச்சகத்துக்குக் கொண்டுபோய் விற்ற படம் என்றால் இந்த விதி பொருந்தாது. படத்தை விற்பது வேறு, படத்தின் பதிப்புரிமையை விற்பது வேறு. உரிமையை மாற்றித் தர எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை வருசத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருசம்தான். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருசத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது திரும்பி வந்துவிடும். வாய்ப்பேச்சில் ஓடிய ஒரு தொழிலில் இந்த ஒரு பிரிவை வைத்தே எத்தனை ஓவியர்கள் தம் படங்களைத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

கணக்கு ஒன்று பாருங்கள். கொண்டையராஜு 1976இல் இறந்தார். ஓவியத்துக்குப் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு 60 வருசம். அப்படியானால் அவர் தனியாக வரைந்த படங்கள் 2036 முடிய யாரோ ஒருவருடைய சொத்து. சீடரோடு சேர்ந்து வரைந்தவை என்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. இன்றைக்கு அந்த லட்சுமியும் முருகனும் எத்தனை கடைகளில், எத்தனை செல்போன் திரைகளில் இருக்கிறார்கள்! சொத்து இருக்கிறது. சொத்துக்காரன் யாரென்று சொல்லும் காகிதம் எத்தனை வீட்டில் இருக்கும்?

57ஆம் பிரிவு வேறு ஒன்று சொல்கிறது. உரிமையை முழுக்க விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஆசிரியனை விட்டுப் போகாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் செய்த பெரிய சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் விடாமல் வழக்காடி 2005இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். மிச்சத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு. சேகலிடம் பெயர் இருந்தது, பணம் இருந்தது, காத்திருக்கக் காலம் இருந்தது. பிரிவு ஒன்றுதான். ஆனால் அதன் வாசல் வரைக்கும் நடந்துபோக எவனுக்குத் தெம்பு இருக்கிறது என்பதில்தான் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

3

ஓவியனை விட்டு மேளக்காரனிடம் வருவோம். 1994 திருத்தம் "நிகழ்த்துநர்" என்று ஒரு ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆட்டக்காரர், கழைக்கூத்தாடி, பந்து வித்தைக்காரர், செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர், மற்றும் நிகழ்த்துகிற எவரும் என்று பட்டியல் போகிறது. பாம்பாட்டிக்குக்கூட இடம் இருக்கிறது. பறைக்காரரும் ஒயிலாட்டக்காரரும் ஒப்பாரி பாடுகிற கிழவியும் "இசைக்கலைஞர்", "எவரும்" என்ற சொற்களுக்குள் அடங்குவார்கள். தன் நிகழ்ச்சியைத் தன் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக்கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

2012இல் இன்னொரு திருத்தம் வந்தது. பாட்டெழுதுகிறவரும் இசையமைப்பவரும் படத்துக்கு வெளியே வரும் ராயல்டியில் தம் பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஆயிற்று. நல்ல திருத்தம். நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. அதே திருத்தம் நிகழ்த்துநர் வரையறைக்குக் கீழே ஒரு விலக்கையும் சேர்த்தது. அதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். திரைப்படத்தில் ஒருவருடைய நிகழ்த்துதல் தற்செயலானதாக, கிளையானதாக இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். சிதைத்துக் காட்டினால் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். மற்றது எதுவும் கிடையாது.

இதை நம் மொழியில் சொன்னால், உன் பெயரைப் போடாமல் இருப்பது வழக்கம், ஆகையால் உனக்கு உரிமை இல்லை. வழக்கம்! ஊர்த்தெருவில் செருப்புப் போடாதே என்றபோது சொன்ன அதே சொல். தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்தபோது சொன்ன அதே சொல். சாவு ஊர்வலக் காட்சி எடுக்க ஒரு பறைக்குழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பகலெல்லாம் அடிக்க வைக்கிறார்கள். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இல்லை. பெயர் போடாததைக் காரணம் காட்டியே உரிமையை மறுக்க இந்த வரி இடம் கொடுக்கிறது. பிரதியின் மௌனம் என்று விமர்சனத்தில் பேசுவோமே, இங்கே அந்த மௌனத்துக்குச் சட்ட எண் போட்டு அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்.

2012 திருத்தம் 17ஆம் பிரிவையும் தொட்டது. திரைப்படத்தில் சேர்க்கப்பட்ட படைப்புகளுக்கு மட்டும் அந்தக் கூலி விதியைத் தளர்த்தியது. சினிமாவுக்குப் பேச ஆள் இருந்தது. காலண்டருக்கும் லேபிளுக்கும் பேச ஆள் இல்லை. புவிசார் குறியீட்டிலும் இதைப் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் அந்தக் குறியீடு கிடைத்தது. சந்தோசம். பால்கோவாவுக்குச் சங்கம் இருக்கிறது. லேபிள்காரனுக்கு என்ன இருக்கிறது?

4

இதுவரை பார்த்தது கொடுக்கிற இடம். பிடிக்கிற இடத்தில் இதே சட்ட அமைப்பு எப்படி நடக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடிப் பக்கத்து தலித் எழுத்தாளர் துரை.குணா. 2014இல் அவருடைய 'ஊரார் வரைந்த ஓவியம்' வெளிவந்தது. ஊரின் சாதியை எழுதினார் என்பதற்காக அவர் குடும்பத்தோடு ஒதுக்கிவைக்கப்பட்டார். 2016 ஜூனில் ஒருவரைத் தாக்கியதாக வழக்குப் போட்டு விடியற்காலையில் வந்து கைது செய்தார்கள். புகார் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவரே அப்படிப் புகார் எதுவும் தரவில்லை என்று சொன்னதாக அப்போதே செய்திகள் வந்தன. பாடகர் கோவன் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக 2015 அக்டோபரில் ராத்திரியில் ராஜத்துரோக வழக்கில் கைதானார். எழுதியவன் யார், பாடியவன் யார் என்பதில் அப்போது யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வீட்டு முகவரி தெரிகிறது. அப்பன் பெயர் தெரிகிறது. அது கூட்டுப்படைப்பு, நாட்டார் மரபு, ஆசிரியர் இன்னார் என்று சொல்ல முடியாது என்று எந்த ஆய்வாளரும் தயங்கவில்லை.

பிடிக்கும்போது ஆசிரியன் உண்டு. கொடுக்கும்போது ஆசிரியன் இல்லை, வெறும் வழக்கம் இருக்கிறது, மரபு இருக்கிறது, தொழில் நடைமுறை இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வந்தது இவ்வளவுதான்.

2015 ஜனவரியில் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் மனுதாரராகி உயர்நீதிமன்றம் போனார். 2016 ஜூலை 5இல் அந்த ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு எழுத்தாளனை அதிகாரிகளும் கூட்டமும் சேர்ந்து வாயடைத்தபோது ஒரு அமைப்பு அவனுக்காக வழக்கின் தலைப்பில் தன் ஆளின் பெயரைப் போட்டது. சட்ட உதவி என்றால் அதுதான். துரை.குணாவுக்கும் துணைநின்றவர்கள் இருந்தார்கள். ஆனால் தலித் எழுத்தாளர்கள் என்று இவ்வளவு பேர் இருக்கிறோமே, ராத்திரி மூன்று மணிக்கு வீட்டுக் கதவு தட்டப்பட்டால் கூப்பிட நமக்கென்று ஒரு வக்கீல் நம்பர் இருக்கிறதா? பொய்வழக்குப் போடுவதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம், ஊர்விலக்கும் குற்றம் என்று அந்த ராத்திரியில் காவல்நிலையத்தில் நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

5

இனி மிக அண்மைய உதாரணம். 2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். மாஜ்ஜா நிறுவனம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பாட்டு பிறந்ததாக அறிவு சொன்னார். அதே வருசம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பிறகு தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது நான் என்றார் அறிவு. சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தை விளக்கி அறிக்கை விட்டார். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்று சொன்னார். நிறுவனமும் தன் பக்கத்து விளக்கத்தைச் சொன்னது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இங்கே இடமில்லை. கவனிக்க வேண்டியது, இந்தச் சண்டை முழுக்க எங்கே நடந்தது என்பதை. முகநூலில், இன்ஸ்டாகிராமில், பேட்டிகளில். பாட்டு பிறந்த அன்றைக்கு, யார் என்ன செய்தார்கள், யாருக்கு என்ன பங்கு, மேடையேறும்போது யார் இருக்க வேண்டும் என்று எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் ஒரு தாள் இருந்திருந்தால், நாமும் இவ்வளவு நாள் யார் பக்கம் என்று கட்சி கட்டிக்கொண்டிருக்க மாட்டோம். நம் பையன்கள் மேடையில் நின்றுவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் இருக்கிற மேசையில் நம் ஆள் உட்காரவில்லை.

கேட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பேராசை. 2017இல் இளையராஜா தன் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியபோது நாடே சிரித்தது. அவர் தன்னை எந்த அடையாளத்தில் வைத்துக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம். ஒவ்வொரு வழக்கிலும் சட்டம் அவர் பக்கமா என்பதும் வேறு விசயம். ஆனால் கம்பெனி ராயல்டி கேட்டால் வணிகம், பண்ணைப்புரத்துக்காரர் கேட்டால் பேராசை என்ற இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். கூலியைக் கூட்டிக் கேட்டபோது பண்ணையார் சிரித்த சிரிப்புக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

6

எதிர்ப்பக்கத்தை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையல்ல. நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. வள்ளியம்மாளுக்கு என்ன பங்கு? பேரன் வாய்க்கு வந்த சொல் பாட்டியுடையது. பாட்டி வாய்க்கு வந்தது தோட்டத்துச் சனங்களுடையது. ஒப்பாரியை ரிக்கார்டு பண்ணிப் போய் ஆய்வுப்பட்டம் வாங்கியவர்களில், கவிதையாக்கிப் புத்தகம் போட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. பாடின கிழவிக்கு ஒரு பிரதி கொடுத்தோமா?

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர் பாமா. 1992இல் 'கருக்கு' வந்தபோது சொந்தச் சனங்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்க பட்டப்பேரையும் எங்க வீட்டுக் கதையையும் எப்படி எழுதலாம் என்ற கேள்வி அது. பிறகு படித்த பிள்ளைகள் வாசித்துச் சொல்ல, ஊர் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. போலீஸ் வரவில்லை, கோர்ட்டு வரவில்லை. சனங்கள் கேட்டார்கள், புத்தகம் பதில் சொன்னது. எல்லாவற்றுக்கும் வக்கீலைக் கூப்பிட வேண்டியதில்லை என்பதும் சட்ட அறிவில் சேர்த்திதான். அதேசமயம் புதுப்பட்டியில் நடந்ததையும் கறம்பக்குடியில் நடந்ததையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. சொந்தச் சனம் கேட்பது கணக்கு. ஆதிக்கச் சாதி அடிப்பது குற்றம்.

சமூகத்துக்கும் கலைஞனுக்கும் உள்ள இந்தக் கணக்கைச் சட்டம் பேசவே முடியாதா? ஆஸ்திரேலியாவில் பேச வைத்திருக்கிறார்கள். பழங்குடி ஓவியர்களின் புனித ஓவியங்களைத் திருடி வியட்நாமில் கம்பளம் நெய்து விற்ற வழக்கில் 1994இல் ஓவியர்களுக்கு ஒட்டுமொத்தமாக நஷ்டஈடு தரப்பட்டது. அதைத் தங்கள் வழக்கப்படி பங்கிட்டுக்கொள்ள நீதிமன்றம் வழிவிட்டது. 1998இல் ஜான் புலுன் புலுனின் ஓவியத்தைத் துணியில் அச்சடித்த வழக்கு. பதிப்புரிமை ஓவியனுக்குத்தான், ஆனால் தன் குலத்தாருக்கு உண்மையாக நடந்துகொள்ளும் கடமை அவனுக்கு உண்டு, அவன் கேட்காமல் விட்டால் குலத்தார் நீதிமன்றம் வரலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இதெல்லாம் சும்மா வரவில்லை. அங்கே கலைஞர்களுக்கான சட்ட மையம் இருக்கிறது, அதில் பழங்குடிக் கலைஞர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நியூயார்க்கில் 1969இலேயே ஏழைக் கலைஞர்களுக்காக இலவசமாக வாதாடும் வக்கீல்களின் அமைப்பு தொடங்கிவிட்டது.

7

வெளிநாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். நமக்கு முன்னோடி உண்டு, சுவரில் தொங்குகிறவரே. 1920களில் புனேயில் 'தேசாசே துஷ்மன்' என்ற நூலுக்காக ஜவள்கரும் ஜேதேயும் அவதூறு வழக்கில் மாட்டியபோது, மேல்முறையீட்டில் அவர்களுக்காக வாதாடி 1926இல் விடுவித்தவர் பாரிஸ்டர் அம்பேத்கர். பாலியல் கல்வி பற்றிப் பத்திரிகை நடத்திய ஆர்.டி. கார்வேயை ஆபாசம் என்று வழக்குப் போட்டு இழுத்தபோது, 1934இல் அவருக்காகவும் நின்றார். தோற்றார். தோற்கும் என்று தெரிந்த வழக்கிலும் எழுத்தாளனைத் தனியே நிற்கவிடவில்லை. அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எழுத்தாளனுக்கு வக்காலத்துப் போட்ட அம்பேத்கரைப் பற்றியும் பேச வேண்டும்.

அவர் வழி வந்த சட்டத்திலேயே கருவிகள் கிடக்கின்றன. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12ஆம் பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு உண்டு, ஆலைத் தொழிலாளிக்கு உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. விவாகரத்துக்கும் ஜாமீனுக்கும்தான் என்று எங்கேயும் எழுதவில்லை, பதிப்புரிமைக்கும் கேட்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 62ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. சிவகாசி லேபிள்காரர் சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினால் போதும். பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்பதும் இல்லை. வரைந்த அன்றே அது பிறந்துவிடுகிறது. பறை அடிக்க மாட்டேன் என்கிறவரை ஊர் கட்டாயப்படுத்தினால் அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு இருக்கிறது. 1990களில் மதுரையில் தலித் கலை விழாக்கள் நடந்தபோது சாவுக்கு அடிப்பதா வேண்டாமா என்று இரவெல்லாம் வாதாடினோம். அடிக்க மறுப்பதும் ஒரு கலைஞனின் உரிமைதான் என்று அப்போது சட்டமாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

ஆகவே சில வேலைகள். கலை இரவு நடத்துகிற ஒவ்வொரு அமைப்பும் அன்றைக்கே ஒரு மேசை போட்டு ஒரு வக்கீலை உட்கார வைக்கலாம். பறைக்குழு, ஒயிலாட்டக்குழு, பேனர் எழுதுகிறவர், லேபிள் வரைகிறவர் வரட்டும். ஒரு பக்கத்தில் எளிய தமிழில் ஒப்பந்தத் தாள் அச்சடித்துக் கொடுக்கலாம். அச்சுக்கு ஊரா பஞ்சம்? யார் ஆக்கியது, யார் கேட்டது, எதற்கு, எவ்வளவு காலம், எவ்வளவு தொகை, பெயர் எங்கே வரும். ஆறு கேள்வி, இரண்டு கையெழுத்து. சட்டக்கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் கிரிமினல், சிவில் என்று மட்டும் பிரிந்துபோகாமல் இரண்டு பேராவது இதைப் படிக்க வேண்டும். பெயர் போடாத வழக்கத்தை வைத்து உரிமையை மறுக்கும் அந்த 2012 விலக்கை நீக்கு என்று எழுத்தாளர் மாநாடுகள் தீர்மானம் போட வேண்டும். 17ஆம் பிரிவின் கூலி விதியைக் காலண்டருக்கும் லேபிளுக்கும் தளர்த்து என்று கேட்க வேண்டும். நம் பத்திரிகைகளும் தப்ப முடியாது. அட்டைப்படம் வரைந்தவர் பெயரைப் போடாமல், சன்மானம் கொடுக்காமல், "இயக்கத்துக்காக" என்று எத்தனை படம் வாங்கியிருக்கிறோம்! மேனேஜர் காசாவது கொடுத்தார்.

சித்தப்பா இப்போது வரைவதில்லை. பிளக்ஸ் வந்து சுவரெழுத்தை முடித்தது, கண்ணும் மங்கிவிட்டது. போன மாதம் போனபோது இந்த 19ஆம் பிரிவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இத முப்பது வருசத்துக்கு முன்னாடி யாராச்சும் சொல்லிருந்தா, ஓரத்துல சின்னதா பேராவது போடச் சொல்லிக் கேட்டிருப்பேன்" என்றார். காசைப் பற்றி அவர் பேசவில்லை.

அம்மா வைத்திருந்த படம் இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து ஓரமெல்லாம் தேடிப் பார்த்தேன். கையெழுத்து இல்லை.